ஒரே மாதிரி ஓட்டை, வேறு வேறு வேகம்

கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்ச் வாங்கும்போது காப்பர் போர்ட் (சாதாரண லேன் கேபிள் செருகும் இடம்) எத்தனை என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். நான் முதலில் பார்ப்பது ஓரத்தில் இருக்கும் அந்த நாலு ஓட்டைகளை, அதாவது ஃபைபர் (ஒளியிழை) கேபிளுக்கான மாட்யூல் செருகும் இடத்தை. ஓட்டை எஸ்எஃப்பி வகை என்றால் வேகம் 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு கிகாபிட்), எஸ்எஃப்பி பிளஸ் என்றால் 10. வெளியே பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். 10ஜி போர்ட்டில் 1ஜி மாட்யூல் பெரும்பாலும் ஓடும். 1ஜி போர்ட்டில் 10ஜி மாட்யூல் 'க்ளிக்' என்று உட்காரும், அவ்வளவுதான், ஓடாது.

அப்புறம் கேபிள். குறைந்த தூரத்துக்கான எஸ்ஆர் மாட்யூல் 850 நானோமீட்டர் ஒளியில், ஓஎம்3 ரக மல்டிமோட் ஃபைபர் கேபிளில் 300 மீட்டர் வரை போகும். நீண்ட தூரத்துக்கான எல்ஆர் 1310-ல், மஞ்சள் உறை போட்ட சிங்கிள் மோட் ஃபைபரில் 10 கிலோமீட்டர். ஒரு முனையில் அது, மறுமுனையில் இது என்று போட்டுவிட்டு லிங்க் வரவில்லை என்று புலம்பும் ஃபோன் எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஸ்டாக்கிங், அதாவது பல சுவிட்சுகளை ஒன்றாகக் கோர்ப்பது, தனிக் கதை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-ல் அதற்கான போர்ட் பின்பக்கம் இருக்கிறது, ஃபைபருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்டு சுவிட்ச் வரை கோர்த்து ஒரே சுவிட்சாக நிர்வகிக்கலாம். கடைசியிலிருந்து முதல் சுவிட்சுக்குத் திரும்பும் கேபிளை மட்டும் 'அது எதுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். வளையம் மூடாவிட்டால், நடுவில் ஒரு கேபிள் போனாலே ஸ்டாக் இரண்டாகப் பிளந்துவிடும். தலைமை யாருக்கு என்பதை 1 முதல் 15 வரையிலான பிரையாரிட்டி எண் முடிவு செய்யும்; பெரிய எண்ணுக்கே தலைமை. எல்லாவற்றையும் 1 என்றே விட்டு ஒன்றாக பூட் செய்தால், குறைந்த மேக் முகவரி (தயாரிக்கும்போதே பதியும் அடையாள எண்) உள்ளது, பல நேரம் இருப்பதிலேயே பழைய சுவிட்ச், தலைமைக்கு வந்துவிடும். மேலே இருப்பதற்கு 15, அடுத்ததற்கு 14 என்று ரேக்கில் ஏற்றும் முன்பே போட்டுவிடுவேன்.