கஸ்தோரியா: ஏரிக்கரையில் எழுபது கோயில்கள், சாவி யாரிடம்?

வடமேற்கு கிரேக்கத்தில், ஒரெஸ்தியாதா ஏரிக்குள் நீண்டுகிடக்கும் தீபகற்பத்தின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது கஸ்தோரியா. பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்) காலத்தவையும், பிறகு துருக்கியர் ஆட்சியில் எழுந்தவையுமாக எழுபது கிறிஸ்தவக் கோயில்கள் வரை இன்றும் நிற்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டு வருகிறவர்கள் முதல் கோயிலைக் கண்டதும் சற்றே ஏமாறுவதுண்டு. பல கோயில்கள் ஒரு வீட்டுக் கூடம் அளவுதான். பத்துப் பதினைந்து பேர் நின்றாலே நெருக்கடி.

அளவு சிறுத்ததற்குக் காரணம் உண்டு. இவற்றில் பல, ஊர்க்கோயிலாகக் கட்டப்பட்டவை அல்ல. பேரரசின் அதிகாரிகளும் வசதி படைத்த குடும்பங்களும் தங்கள் ஆன்ம மீட்புக்காகக் கட்டிக்கொண்டவை. கட்டியவர் கோயிலின் சிறு வடிவத்தைக் கையில் ஏந்தி, புனிதருக்கோ மாதாவுக்கோ ஒப்புக்கொடுப்பதுபோல் சுவரில் வரைந்து வைப்பது வழக்கம். உள்ளே போனதும் முதலில் அந்த உருவத்தைத் தேடுங்கள். யார், எதற்காகக் கட்டினார் என்று தெரிந்துவிட்டால் மற்ற ஓவியங்களும் நெருங்கி வரும்.

இங்கு வருகிறவர்களை மடக்கிப்போடுவது பூட்டுதான். வழிபாடு இல்லாத நேரத்தில் பெரும்பாலான கோயில்கள் பூட்டியே கிடக்கும். முதல் நாள் காலையிலேயே, மேட்டுப்பகுதியில் தெக்சமெனி சதுக்கத்தில் உள்ள பைசாந்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். இன்று எவை திறந்திருக்கின்றன, மற்றவற்றைத் திறந்துகாட்டக் காவலர் வருவாரா என்று அங்கே கேளுங்கள். மதியத்துக்கு மேல் போனால் காரியம் நடக்காது. கிரேக்கத்தில் அரசு அருங்காட்சியகங்கள் பல பிற்பகல் மூன்று, மூன்றரைக்கே மூடிவிடும். வார விடுமுறை பெரும்பாலும் செவ்வாய். கடைத்தெருவும் மதியத்தில் ஓய்ந்துவிடும். செவ்வாயன்று ஒரே நாள் பயணமாக வந்து இறங்கினால், வெளிச்சுவர்களை மட்டும் பார்த்துத் திரும்பவேண்டி வரலாம்.

கேட்டுவிட்டு உடனே கிளம்பவேண்டாம். அருங்காட்சியகத்திலேயே ஓர் ஐகான், அதாவது பலகையில் தீட்டிய புனிதப் படம், இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பலகையின் இரு பக்கமும் ஓவியம். ஒரு பக்கத்தில் மாதா குழந்தையை ஏந்தியிருக்கிறார். புருவங்கள் நெரிந்து, கண்கள் குழந்தையின் மேல் இல்லாமல் எங்கோ நிலைத்திருக்கின்றன. சுற்றிப்போய் மறுபக்கம் பார்த்தால், அதே குழந்தை வளர்ந்து, இறந்து, தலை சாய்ந்த நிலையில். அம்மாவின் புருவம் ஏன் அப்படி நெரிந்தது என்பது அங்கே புரியும். புனித வெள்ளிக்குரிய வழிபாட்டுக்காக வரையப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஊரில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வோம்.

ஊரின் அடையாளம் பனாயியா கும்பெலிதிகி என்னும் மாதா கோயில். மூன்று பக்கம் அரைவட்டமாகப் பிதுங்கிய சின்னக் கட்டடத்தின் மேல் உருளை போல உயர்ந்த குவிமாடம். கஸ்தோரியாவின் பைசாந்தியக் கோயில்களில் குவிமாடம் உள்ளது இது ஒன்றுதான். 1940இல் போர்க்காலக் குண்டுவீச்சில் அது இடிந்து, பின்னர் திரும்பக் கட்டப்பட்டது. முன்மண்டபத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள்: வளைகூரையில் மூவொரு கடவுள், தந்தை முதியவராக வரையப்பட்ட நிலையில். பைசாந்திய மரபில் தந்தையை உருவமாக வரைவது அரிது. நேரே பீடத்தை நோக்கி நடந்துவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பூட்டியிருந்தாலும் வெறுங்கையோடு திரும்பவேண்டியதில்லை. வெளிச்சுவரிலும் ஓவியங்கள் உண்டு, விவிலியக் கதையில் வரும் சலோமியின் நடனம் உட்பட.

வெளிச்சுவரைப் பார்ப்பது இந்த ஊரில் தனிக்கலை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மெல்லிய செங்கற்களைச் செருகி, வளைவுநெளிவாகவும் கதிர்விடும் சூரியனாகவும் எழுத்து வடிவங்களாகவும் அடுக்கியிருக்கிறார்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால்தான் எடுப்பாகத் தெரியும், உச்சிவெயிலில் தட்டையாகிவிடும்.

பேராயர் இல்லத்தையொட்டிய தக்சியார்கிஸ் கோயில், அதிதூதர்களான மிக்கேலுக்கும் கபிரியேலுக்கும் உரியது. உள்ளே 1359-60இல் வரைந்த ஓவியங்களும், அதற்கு முந்தைய அடுக்கின் மிச்சமும் உள்ளன. வெளிச்சுவரில் நிற்பவர்கள் புனிதர்கள் மட்டுமல்ல, அங்கே அடக்கமான மனிதர்களும்தான். மக்கெதோனியா யாருக்கு என்று கிரேக்கரும் பல்கேரியரும் மோதிய மக்கெதோனியப் போராட்டத்தில் 1904இல் இறந்த கிரேக்க ராணுவ அதிகாரி பாவ்லோஸ் மெலாஸின் கல்லறையும் இங்கேதான். கிரேக்கர்கள் மாலை வைத்து நிற்கும் இடம் அது, பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓமோனியா சதுக்கத்தருகே புனித நிக்கொலாஸ் கஸ்னிட்சி: ஒரே ஒரு கூடம், 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், கட்டிய நிக்கிஃபோரோஸ் கஸ்னிட்சிஸும் மனைவி அன்னாவும் சுவரில். புனித ஸ்தெஃபானோஸ் இன்னும் பழையது. அதன் மேல்தளத்தில், முன்மண்டபத்துக்கு மேலே, புனித அன்னாவுக்கு ஒரு குட்டிப் பீடம் இருக்கிறது.

நோய்நொடிக்காக வேண்டிக்கொள்கிறவர்கள் ஆயியி அனார்யிரிக்குப் போகவேண்டும். கூலி வாங்காமல் வைத்தியம் பார்த்த கோஸ்மாஸ், தமியான் இருவருக்கும் எழுப்பிய கோயில். 12ஆம் நூற்றாண்டில் இதைப் புதுப்பித்து ஓவியம் தீட்டச் செய்த தியோதோரோஸ் லிம்னியோதிஸ், மனைவி அன்னா, மகன் இயோவானிஸ் ஆகியோரும் சுவரில் நிற்கிறார்கள். கிரேக்கக் கோயில்களில் ஐகானுக்குக் கீழே கண், கை, கால், குழந்தை எனப் பொறித்த தகடுகள் தொங்குவதைக் காணலாம். நம்மூரில் கண்மலர் சாத்துவது போலத்தான். தொட்டுப் பார்க்கவேண்டாம், ஒவ்வொன்றும் ஒருவருடைய நேர்ச்சை.

மறுநாளை ஏரிக்கரையில் உள்ள மவ்ரியோதிசா மடாலயத்துக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்து தென்கரையோரமாகச் சுமார் 4 கி.மீ.; சமதளம், நடந்தே போகலாம். கரையில் முதிர்ந்த சினார் மரங்கள், தண்ணீரில் அன்னங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடாக்கள். 1083இல் நார்மானியரிடமிருந்து இந்த ஊரை மீட்க வந்த பேரரசர் அலெக்சியோஸ், ஏரி வழியாகப் படகில் ஆட்களை அனுப்பிப் பின்புறமாகத் தாக்கியதை அவருடைய மகள் அன்னா கொம்னினி எழுதி வைத்திருக்கிறார்.

மவ்ரியோதிசா கோயிலின் முன்மண்டபத்தில், கிழக்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு. நெருப்பாறு ஓடிவந்து பாவிகளை இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே மேற்குச் சுவரில் மாதாவின் துயில், அதாவது அவருடைய மரணக் காட்சி. பக்தர்கள் கோயிலைவிட்டு வெளியேறும்போது கண்ணில் படும் சுவர் அது. ஓவியனுக்கு இடம் தெரிந்திருக்கிறது. வெளியே தெற்குச் சுவரில் ஈசாயின் மரம் (இயேசுவின் வம்சாவளியைக் காட்டும் ஓவியம்), சிதைந்துபோன அரச உருவங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் புனித யோவான் சிற்றாலயத்தின் ஓவியங்கள் 1552ஐச் சேர்ந்தவை.

போகும் வழியில் டிராகன் குகை. 2009 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே ஏழு சிறு ஏரிகள். நடைபாதை ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு வேண்டும். கால் வலித்தால் இதை விடலாம், மவ்ரியோதிசாவை விடக்கூடாது.

நடைமுறை சில. தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். செருப்பைக் கழற்றவேண்டியதில்லை. வாசலருகே காணிக்கைப் பெட்டியில் காசு போட்டு, மெல்லிய தேன்மெழுகுத் திரி ஒன்றை எடுத்து, ஏற்றி, மணல் தட்டில் செருகலாம்; எந்த மதத்தவரும் செய்யலாம். பீடத்தை மறைத்து நிற்கும் திரைச்சுவருக்கு அப்பால் யாரும் நுழையக்கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதும் கால்மேல் கால் போட்டு உட்காருவதும் மரியாதைக்குறைவு. நற்கருணை ஆர்த்தடாக்ஸ் திருமுழுக்கு பெற்றவர்களுக்கு மட்டும். வழிபாடு முடிந்து குருவானவர் கொடுக்கும் மந்திரித்த அப்பத்துண்டு வேறு. அவர் நீட்டினால் வலக்கையில் வாங்கிக்கொள்ளலாம். ஃபிளாஷ் எங்கும் கூடாது. இருட்டாக இருக்கிறதென்று கைப்பேசி விளக்கைச் சுவரில் அடிப்பதற்கு முன் காவலரிடம் கேளுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றாலே கண் பழகிவிடும், விளக்கே தேவைப்படாது.

எப்போது வருவது? மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா, கூட்டமும் இருக்கும் வெயிலும் இருக்கும். நவம்பர் 11 புனித மினாஸ் திருநாள். 1912இல் அதே நாளில்தான் ஊர் துருக்கியரிடமிருந்து விடுபட்டது என்பதால் இரட்டைக் கொண்டாட்டம். ஜனவரி 6 முதல் 8 வரை ரகுத்சாரியா: முகமூடியும் பித்தளை வாத்தியமுமாகத் தெருவே ஆடும். ஜெபத்துக்கு வருகிறவர்கள் அந்த மூன்று நாளையும் தவிர்த்துவிடலாம். குளிர்காலத்தில் பனிமூட்டமும் உறைபனியும் சாதாரணம்.

தெசலோனிக்கியிலிருந்து கேதெல் என்னும் வெளியூர்ப் பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கடைசிப் பேருந்தை நம்பிப் பொழுதைத் திட்டமிடாதீர்கள். ஞாயிறன்று பேருந்துகள் குறையும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கடையில் ‘நிஸ்திசிமோ’ இருக்கிறதா என்று கேளுங்கள். நோன்புச் சாப்பாடு: இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் நோன்பில் விலக்கல்ல, ஆகவே அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிக்கல் வேண்டாம் என்றால், இந்த வட்டாரத்தில் விளையும் பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறைத் தக்காளியோடு அடுப்பில் வைத்து வேகவிட்டுத் தருவார்கள். ‘யிகாந்தெஸ்’ என்று கேட்டால் போதும், ரொட்டியோடு ஒரு தட்டு வயிறு நிறையும்.