வின்னிபெக் காருக்கு வண்ணார்பேட்டையில் வைத்தியம்

மார்கழியில் விடிகாலை வெப்பநிலை 22 டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லாயைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிற பாளையங்கோட்டைக்காரர்களாகிய நாங்கள், கனடாவில் மைனஸ் 28 டிகிரியில் இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற ஒரு காரைக் கிளப்பினோம் என்று சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை.

கார் என் அக்காள் மகனுடையது. வின்னிபெக்கில் வேலை பார்க்கும் அவன், அக்டோபரில் ஒரு பழைய டீசல் ஆட்டோமேட்டிக் காரை வாங்கினான். அதில் முந்தைய உரிமையாளர் வெளியில் வாங்கிப் பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்டர் ஒன்று இருந்தது. வீட்டுக்குள் காப்பி குடித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினால் வெளியே கார் தானாகக் கிளம்பி, கண்ணாடியில் உறைந்த பனி இளகி, இருக்கையும் சூடாகித் தயாராக நிற்கும். அந்த ஊரில் இது ஆடம்பரமல்ல, அன்றாடத் தேவை. இலையுதிர் காலம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்த அந்தக் கருவி, டிசம்பர் பிறந்ததும் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் செல்ஃப் அடிக்கும், என்ஜின் பிடிக்காது, மறுபடியும் அடிக்கும், மூன்றாம் முறையும் பிடிக்காவிட்டால் கருவி கைவிட்டுவிடும். அதன் பிறகு அவன் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போய்ச் சாவியைத் திருகினால், அதே கார் உடனே கிளம்பும்.

அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அவனுடைய அன்றாடப் புலம்பல் எங்கள் வீட்டுக் காப்பி நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். அக்காள், பேச்சியம்மன் கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழத்தை அனுப்பினால் டயருக்கு அடியில் வைத்து ஏற்ற முடியுமா என்று கேட்டாள். அத்தான் வண்டியை விற்றுவிடச் சொன்னார். நான் செல்பேசியை எடுத்துக்கொண்டு எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன்.

அண்ணாச்சி பனியைப் பார்த்தவரில்லை. ஆனால் இளவயதில் மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து வரைக்கும் ஏறிப் போய்த் தேயிலைத் தோட்டத்து டீசல் ஜீப்புகளைப் பழுது பார்த்தவர். தை மாதத்துக் காலையில் அந்த மலையில் டீசல் என்ஜின் எப்படி அடம்பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். வீடியோவில் பையன் காட்டிய வெண்பரப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "இதுல கார் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். அவன் கையுறையால் துடைத்துக் காட்டினான். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சாவி போடும்போது, மஞ்சக் கலர்ல சுருள் மாதிரி ஒரு லைட்டு எரியுதுல்லா, அது அணையுற வரைக்கும் நிக்கியா, நிக்கலையா?"

அவன் நிற்பானாம். ரிமோட் நிற்கிறதா என்று கேட்டபோதுதான் எங்கள் எல்லோருக்கும் பொறி தட்டியது. டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேதான் டீசல் எரிய வேண்டும். குளிரில் அந்தச் சூடு போதாது என்பதால் முதலில் ஹீட்டர் பிளக் பழுத்து, அந்த மஞ்சள் விளக்கு அணைந்து, அதன் பிறகே செல்ஃப் சுற்ற வேண்டும். கருவியைப் பொருத்தியவர்கள் அதைப் பெட்ரோல் வண்டிக்கு உரிய அமைப்பிலேயே விட்டிருக்கிறார்கள். அக்டோபர் குளிருக்கு ஹீட்டர் இல்லாமலே என்ஜின் பிடித்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

அமைப்பை மாற்றுவது சொல்லுக்கு எளிது. பானெட்டைத் திறந்து வைத்து, சாவியை ஆன் நிலையில் விட்டு, பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டைக் குறிப்பேட்டில் சொன்ன வரிசையில் அழுத்த வேண்டும். எந்த அமைப்பில் நிற்கிறோம் என்பதை வண்டியின் பார்க்கிங் விளக்கு மினுக்கிக் காட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் திறந்திருக்கும் பானெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே அவன் செல்பேசியை எதிரே இருந்த பனிக்குவியலில் செருகி வைத்துவிட்டு, எண்ணும் பொறுப்பை எங்களிடம் ஒப்படைத்தான். வண்ணார்பேட்டையில் நான், அண்ணாச்சி, பட்டறைப் பையன், பக்கத்து டீக்கடை மாஸ்டர் ஆகியோர் ஒரு கையகலத் திரையைச் சூழ்ந்து நின்று, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று ஏலம் போடாத குறையாகக் கத்தினோம். நடுவில் படம் ஒரு கணம் உறைந்துவிட்டது. நாலு என்றார் அண்ணாச்சி. அஞ்சு என்று அடித்துச் சொன்னார் மாஸ்டர். காருக்குள் இருந்தவன் மாஸ்டரை நம்பினான். விளைவாக, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஹாரன் அடிக்கும் வசதி உயிர்பெற்று, வின்னிபெக்கின் அமைதியான குடியிருப்பில் காலை ஏழேகாலுக்கு எங்கள் மருமகனின் கார் விட்டுவிட்டு முழங்கத் தொடங்கியது. எதிர்வீட்டுச் சன்னலில் விளக்கெரிந்தது. அதே வேளையில் குளிர் தாங்காமல் அவன் செல்பேசியும் அணைந்துபோனதால், அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதைக் கேட்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாஸ்டர் ஓசைப்படாமல் கடைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் மாலை, செல்பேசியைக் கம்பளித் துணியில் சுற்றி வைத்து, ஹாரனை அடக்கி, டீசல் அமைப்பை ஏற்றினோம். பொத்தானை அழுத்தினால் கருவி இப்போது ஹீட்டருக்காகக் காத்திருந்து பிறகு செல்ஃப் அடித்தது. ஆனால் என்ஜின் இருமுவதுபோல் ஒருமுறை பிடித்து நின்றது. இங்கேதான் அண்ணாச்சியின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. "என்ஜின் ஓடுதுன்னு அதுக்கு யார் சொல்லுதா?" என்றார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், மின்னழுத்தம் ஏறுவதை வைத்தே கருவி அதை ஊகித்துக்கொண்டிருந்தது. கடுங்குளிரில் பேட்டரி தள்ளாடும்போது அந்த ஊகம் தவறி, என்ஜின் முழுதாகப் பிடிக்கும் முன்பே செல்ஃபை விட்டுவிடுகிறது. என்ஜின் சுற்றும் வேகமான ஆர்பிஎம்மையே நேரடியாகப் பார்க்கும்படி அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். அதையும் என்ஜின் நன்றாகச் சூடாகி, ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஐடில் வேகம் இறங்கிய பிறகுதான் செய்ய வேண்டும். குளிரில் ஏறி நிற்கும் வேகத்தையே அளவாக எடுத்துக்கொண்டால், என்ஜின் பிடித்த பிறகும் செல்ஃபை விடாமல் சுற்றி அதன் பல்லைத் தேய்த்துவிடும். பையன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அதைச் செய்தான்.

அதோடு விடாமல், பேட்டரியையும் சோதிக்கச் சொன்னார் அண்ணாச்சி. மைனஸ் 18 டிகிரியில் கார் பேட்டரியின் செல்ஃப் சுற்றும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும்; ஆயிலோ கெட்டியாகி இருமடங்கு வலுக் கேட்கும். ஆயில், குளிரிலும் அவ்வளவாகக் கெட்டியாகாத 5டபிள்யூ-40 என்று கேட்டதும், நம் ஊரில் 15டபிள்யூ-40 ஊற்றுகிறவர் திருப்தியாகத் தலையாட்டினார். எர்த் வயரில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி முறுக்கியதுதான் கடைசி வேலை. என்ஜின் தண்ணீரைச் சூடாக்க அந்த ஊர் வண்டிகளில் மின்சார ஹீட்டர் உண்டு, வாகன நிறுத்துமிடத்தில் அதைச் செருக பிளக்கும் உண்டு, பிளக் உள்ள இடத்துக்கு வாடகை அதிகம் என்று பையன் சொன்னபோது, "கார் குளிக்கதுக்கு வெந்நியா?" என்று பட்டறைப் பையன் வாய்பிளந்தான்.

அடுத்த நாள் அக்காள் வீட்டுக் காப்பி நேரத்தில் வந்த வீடியோவில் பேச்சே இல்லை. புகைபோக்கியிலிருந்து வெண்புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அக்காள் பேச்சியம்மனுக்கு நன்றி சொன்னாள்.

அத்தான் மட்டும் வேறு கணக்குப் போட்டிருந்தார். சித்திரை வெயிலில் நிற்கும் தம்முடைய காரில் முன்கூட்டியே ஏசி ஓட இதே கருவியைப் பொருத்த வேண்டும் என்று அண்ணாச்சியிடம் வந்து நின்றார். அவருடையது கையால் கியர் போடும் கார். எங்கே நிறுத்தினாலும் முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவது அவருடைய முப்பது வருடப் பழக்கம். அண்ணாச்சி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "மாட்டித் தாரேன் சார்வாள். நீங்க மாடியில இருந்து பட்டனை அமுக்கினா, வண்டி கிளம்பிச் சுவரை இடிச்சுக்கிட்டு நேரா உங்க பட்டாசாலைக்கே வந்துரும். நீங்க கீழ எறங்க வேண்டாம்லா."

அத்தான் சற்று யோசித்துவிட்டு, என்ன விலை ஆகும் என்று கேட்டார்.