53ஆம் பத்தி

உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளிலேயே மிகவும் தீங்கானது எது என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்தபோது, நான் ஜபல்பூர் வழக்கைச் சொன்னதில் யாருக்கும் வியப்பு இருந்திருக்காது. நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிக் காவலில் வைக்க உதவிய மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தும், கூடாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் முடிவு செய்தார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா என்று கன்னா கேட்க, நெருக்கடி நிலை நீடிக்கும் வரை கிடையாது என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதிலளித்ததை, நான் சற்று நாடகத்தன்மையோடே விவரித்தேன். அடுத்து, காவல் நிலையத்தில் நடந்த பாலியல் வன்முறையில் காவலர்களை விடுவித்த மதுரா வழக்கு, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை மீண்டும் நிலைநிறுத்திய 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்று பட்டியல் நீண்டது.

ஜூனியர் வழக்கறிஞர் ஒருவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் சொன்ன எல்லாமே மாற்றப்பட்டுவிட்டன, சார். இன்றைக்கும் நடைமுறையில் இருப்பதில் எது தீங்கானது?" என்றார். நான் யோசிப்பதற்குள் அவரே "உமாதேவி" என்று சொல்லிவிட்டார். "அது தீங்கான தீர்ப்பு இல்லையம்மா, கசப்பான தீர்ப்பு" என்று நான் பேச்சை முடித்துவைத்தேன். அந்தப் பதில் சரிதானா என்பதைத்தான் இன்னமும் எனக்குள் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி என்றே வாதிட முடியும். 2006 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உமாதேவி வழக்கில் சொன்னது, விளம்பரமும் போட்டியும் இல்லாமல் தினக்கூலியாகவோ தற்காலிகமாகவோ உள்ளே வந்தவர்கள் பணிநிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்பதே. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவருக்கு யாருடைய சிபாரிசும் இல்லை. கொல்லைப்புற வழியாக வந்தவரை நீதிமன்றமே நிரந்தரமாக்கினால், காத்திருப்பவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரும் சமவாய்ப்பு ஏட்டளவில்தான் நிற்கும். உயிரைப் பறித்தாலும் கேட்க நாதியில்லை என்ற நிலையையும் ஊதிய விகிதம் மறுக்கப்படுவதையும் ஒரே தராசில் வைப்பது முறையல்ல என்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தீங்கை ஆழத்தைக் கொண்டு மட்டும் அளக்க வேண்டுமா என்று யோசித்தால் என் வாதம் தளர்கிறது. நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் விலக்கப்பட்டது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது திருத்தம் செய்தது. 2017இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில், ஜபல்பூர் பெரும்பான்மையில் ஒருவரான நீதிபதியின் மகனே அந்தத் தீர்ப்பைத் தவறென்று எழுதினார். இத்தனை பேர் கண்டித்த தீர்ப்பைக் கண்டிப்பதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை. உமாதேவியோ நான் வாரந்தோறும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. பொதுத்துறை நிறுவனங்களுக்காக நாங்கள் தாக்கல் செய்யும் பதில் மனுக்களில் அதற்கென ஒரு பத்தி கணினியில் தயாராக இருக்கும். மனுதாரரின் பெயரையும் பதவியையும் மாற்றினால் போதும்.

அன்று மாலை அந்த ஜூனியர் அப்படிப்பட்ட பதில் மனு ஒன்றை என் மேசையில் வைத்தார். துப்புரவுப் பணியாளர் ஒருவரின் வழக்கு அது. நியமன ஆணை என்று எதுவும் கிடையாது. வருகைப் பதிவேட்டின் நகல்கள் மட்டுமே சான்று. அவற்றில் மாதக் கடைசியில் ஒருநாள் மட்டும் ஒழுங்காக இடைவெளி விடப்பட்டிருந்தது, தொடர்பணி என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக. "உமாதேவி தீர்ப்பின் 53ஆம் பத்தியை நாம் எங்கேயுமே காட்டவில்லையே, சார்" என்றார். முறைப்படி அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில், நீதிமன்ற உத்தரவின் தயவு இல்லாமல், பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த தகுதியுள்ளவர்களை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்துங்கள் என்று அரசுகளுக்குச் சொன்ன பத்தி அது. எதிர்த்தரப்பு காட்ட வேண்டியதை நாம் ஏன் காட்ட வேண்டும் என்று கேட்டேன். வழக்கறிஞர் என்ற முறையில் அதில் பிழையில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆயினும், ஒரு தீர்ப்பின் பாதியை மட்டுமே எல்லோரும் எடுத்துக்காட்டி, அந்தப் பாதியே சட்டமாக நிலைத்துவிட்டால், தீங்கு செய்தது தீர்ப்பா, அதை எடுத்துக்காட்டியவர்களா?

2024 டிசம்பரில், மத்திய நீர்வள ஆணையத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த துப்புரவு, தோட்டப் பணியாளர்கள் தொடர்ந்த ஜக்கோ வழக்கில், உமாதேவியைத் தவறாகப் பொருத்தி நீண்டகால ஊழியர்களின் நியாயமான கோரிக்கைகள் மறுக்கப்படுகின்றன என்று உச்ச நீதிமன்றமே கூறியது. குறை தீர்ப்பில் இல்லை, வாசிப்பில்தான் என்பதற்கு இது சான்று என முதலில் நிம்மதியடைந்தேன். வாசித்தவர்களில் நானும் ஒருவன் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

எங்கள் மாதிரி பதில் மனுவில் இப்போது ஜக்கோ தீர்ப்பைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. அந்த வழக்கின் சங்கதிகள் வேறு, இந்த வழக்கின் சங்கதிகள் வேறு என்று அது சொல்கிறது. அதை எழுதித் தந்தவர் அதே ஜூனியர்தான். நான் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.