பெடல் புஷ் மூன்று, போல்ட் ஒன்று

வண்டி டாட்ஜ் டபிள்யூசி-51. 1942 முதல் 1945 வரை தயாரான முக்கால் டன் ராணுவ டிரக். எஞ்சினைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் எழுதப் போவதில்லை, அது ஓடுகிறது. தொல்லை கிளட்ச் பெடலில். காலை வைத்தால் பெடலின் நுனி பக்கவாட்டில் 15 மி.மீ. ஆடியது. கழற்றிப் பார்த்தால் பெடல் சுழலும் தண்டும் தேய்ந்திருக்கிறது, அதன்மேல் உறைபோல் இருக்கும் வெண்கலப் புஷ்ஷும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கிறது.

தேய்ந்த பொருளை அளந்து அதே அளவில் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) புதிது கடைந்தால், தேய்மானத்தையும் சேர்த்துக் கடைந்ததாகிவிடும். அதனால் எங்கே தேயவில்லை என்றுதான் முதலில் தேடினேன். தண்டின் நடுவில் 25.0 மி.மீ. ஆனால் பிராக்கெட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த முனையில் 25.40. சரி, ஒரு அங்குலத் தண்டு. புஷ்ஷின் உள்துளை அதிகபட்சம் 26.3. இந்த ஒன்றே கால் மில்லிமீட்டருக்கும் மேலான இடைவெளிதான் பெடலின் நீளத்தில் பெருகி, நுனியில் அவ்வளவு ஆட்டமாகத் தெரிகிறது.

ரெடிமேட் புஷ் போடலாமே என்றால், பெடலின் துளையும் 31.75க்குப் பதில் 31.90 ஆகியிருந்தது. பழைய புஷ் எப்போதோ கழன்று, துளைக்குள்ளேயே சுற்றியிருக்க வேண்டும். ஒன்றே கால் அங்குல ரெடிமேட் புஷ் அதில் நழுவி விழும். கடைவதைத் தவிர வழியில்லை.

என்னுடையது மேஜைமேல் வைக்கும் சின்ன லேத். 180 மி.மீ. விட்டம், 350 மி.மீ. நீளம் வரை பிடிக்கும். புஷ்ஷுக்கு எஸ்ஏஇ 660 வெண்கலம் எடுத்தேன். செம்பு 83, ஈயம் 7, வெள்ளீயம் 7, துத்தநாகம் 3 சதவீதம். ஈயம் கலந்திருப்பதால் நன்றாக வெட்டுப்படும், சுருள் நீளாமல் பொடிப்பொடியாக உதிரும். ஆனால் டிரில் பிட் இதற்குள் தானாகவே திருகிக்கொண்டு பாயும். அதனால் பிட்டின் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லால் லேசாகத் தட்டையாக்கிவிட்டுத்தான் துளை போட்டேன்.

முதல் புஷ். உள்ளும் வெளியும் ஒரே பிடிப்பில் கடைந்தேன். துண்டை மூன்று தாடைகளால் பிடிக்கும் என் த்ரீ ஜா சக்கில் ஒருமுறை கழற்றி மாட்டினால் மையம் 0.1 மி.மீ. வரை விலகும், பிறகு உள்வட்டமும் வெளிவட்டமும் ஒன்றாக இருக்காது. வெளி விட்டம் 31.94 வேண்டும், அதாவது துளையைவிட 0.04 பெரிது. கடைசி வெட்டு முடிந்ததும் மைக்ரோமீட்டரை வைத்தேன். சரியாக 31.94. ரொம்பத் திருப்தி. வெட்டி எடுத்துவிட்டுப் போய், அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து வந்து அளந்தால் 31.91.

விஷயம் சூடுதான். கடையும்போது துண்டு தொட முடியாத அளவுக்குச் சுட்டது. இந்த வெண்கலம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டரில் சுமார் 18 மைக்ரான் விரியும். 32 மி.மீ. விட்டத்துக்கு 50 டிகிரி ஏறினால் 0.03 மி.மீ. கிட்ட வருகிறது. நான் வைத்த 0.04இல் முக்கால் பங்கு வெறும் சூடு. அந்தப் புஷ்ஷைக் கட்டைவிரலால் அழுத்தினாலே பாதி உள்ளே போனது.

இரண்டாவதில் கடைசி வெட்டுக்கு முன்னால் நன்றாக ஆறவிட்டேன். வெளி விட்டம் 31.94, உள்துளை 25.43. தண்டுக்கு 0.03 இடைவெளி, கிரீஸ் நிற்கப் போதும் என்று கணக்கு. வைஸில் வைத்து அழுத்தி இறக்கினேன், அழகாகப் போனது. புதிய தண்டை நுழைத்தால் நுழையவில்லை. புஷ்ஷை வெளியிலிருந்து நெருக்கினால் அந்த நெருக்கம் உள்ளே போகாமல் எங்கே போகும்? உள்துளை ஏறக்குறைய அதே 0.03 சுருங்கிவிட்டது. எமரித் தாளைச் சுற்றித் தேய்த்துப் பெரிதாக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் இரு வாயும் அகன்று நடுவில் மட்டும் பிடிக்கும் புஷ் கிடைத்திருக்கும், அதையும் நான் வேறொரு வேலையில் செய்து பார்த்தவன்தான்.

மூன்றாவதில் உள்துளையை 25.2இலேயே நிறுத்தினேன். அழுத்தி இறக்கிய பிறகு, துளையைச் சீவிப் பெரிதாக்கும், விரித்துச் சரிசெய்யும் ரீமரைக் கையால் திருப்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டைப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் தண்டு தன் எடையிலேயே மெதுவாக இறங்கியது. நுனி ஆட்டம் இப்போது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு சொதப்பல் மட்டும் பாக்கி. புஷ்ஷில் போட்ட கிரீஸ் துளை பெடலில் கிரீஸ் ஏற்றும் நிப்பிளுக்கு நேராக வரவில்லை. நிப்பிளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகவே டிரில்லை விட்டு இன்னொரு துளை போட்டேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அடுத்தது உபரிச் சக்கரத்தின் போல்ட். இந்த வண்டியில் உபரிச் சக்கரம் ஓட்டுநர் பக்கமே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், ஏறுவதே ஒரு சர்க்கஸ். அதைப் பிடிக்கும் போல்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுகவில்லை. கழற்றிப் பார்த்தால், பிராக்கெட்டில் வெல்டு செய்திருந்த நட்டு அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. போல்டோ எம்12, மரை இடைவெளி 1.25 மி.மீ. யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

இதில் உள்ள சூழ்ச்சியைப் பாருங்கள். அங்குலத்துக்கு 20 என்றால் மரை இடைவெளி 1.27 மி.மீ. 1.25க்கும் அதற்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஆனால் விட்டம் 12.7க்குப் பதில் 12. மரையின் நுனி மட்டும்தான் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையால் திருகும்வரை நல்ல பிள்ளை, ஸ்பேனர் போட்டால் மரை உரிந்து வந்துவிடும்.

போல்டின் நடுவில் ஒரு தோள் இருப்பதால் ரெடிமேடாகக் கிடைப்பது உதவாது. ஆறுபட்டைக் கம்பியில் கடைந்தேன். மரை வெட்டுவதுதான் சிக்கல், ஏனென்றால் என் லேத்தில் டூலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ, மரை இடைவெளி 2 மி.மீ. கொண்ட மெட்ரிக். அங்குல மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் 127 இல்லாமல் கணக்கு நேராக வராது. என்னிடம் அது இல்லை. இருந்த கியர்களை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் 40ம் 63ம் அகப்பட்டன. 2 மி.மீ.ஐ 40ஆல் பெருக்கி 63ஆல் வகுத்தால் 1.2698. 20 மி.மீ. நீள மரைக்குப் பிழை 0.0025 மி.மீ.தான். ஒரு சக்கரத்தைத் தாங்க இது எதேஷ்டம்.

முதலில் சும்மா ஒரு கீறல் மட்டும் போட்டு, அங்குல ஸ்கேலை வைத்து 20 கோடுகளை எண்ணிக்கொண்டேன். ஆழம் 0.78 மி.மீ., அதைப் பத்துப் பன்னிரண்டு வெட்டுகளில் இறக்கினேன். மெட்ரிக் ஸ்க்ரூவில் அங்குல மரை வெட்டும்போது, டூலை அந்த ஸ்க்ரூவோடு கோக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. திறந்தால் அடுத்த வெட்டு வேறு இடத்தில் விழும். ஒவ்வொரு முறையும் டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓட்டித்தான் ஆரம்பத்துக்கு வர வேண்டும். ஆறாவது வெட்டில் டூலை இழுக்க மறந்து மோட்டாரைத் திருப்பிவிட்டேன். முனை உடைந்தது, துண்டு தப்பியது. தீட்டிய டூலை மறுபடி அதே பள்ளத்தில் சேர்க்க அரை மணி நேரம்.

இது அமெரிக்க வண்டி என்பதால் இவ்வளவோடு போயிற்று. பெட்ஃபோர்ட் போன்ற அந்தக் கால பிரிட்டிஷ் டிரக் வைத்திருப்பவர்கள் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மரையோடு மல்லுக்கட்ட வேண்டும். அதில் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்கர்களுடையது 60. போரில் ஒரே பக்கம் நின்ற அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒத்துக்கொண்டது 1948இல்தான், போர் முடிந்து மூன்று வருடம் கழித்து.

லேத் வந்ததிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் கடையத் தோன்றுகிறது. ஆனால் சக்கர ஸ்டட், ஸ்டீயரிங் இணைப்பு, பிரேக் சிலிண்டர் ஆகியவற்றை இதில் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். உலோகத்தின் தரமும் அதற்குச் செய்த ஹீட் ட்ரீட்மெண்ட்டும் என்னால் சோதிக்க முடியாதவை. பெடலில் தப்பு நடந்தால் மறுபடி கடையலாம்.

அடுத்தது பின்கதவின் கீல் ஊசிகள். 350 மி.மீ.க்கு மேல் நீளம், ஆனால் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் துளைக்குள் நுழையும் பருமன்தான். பின்பக்கம் நீட்டிக்கொண்டு சுற்றும்போது சாட்டைபோல் வளையாமல் தாங்க மரத்தில் ஒரு முட்டு செய்துகொண்டிருக்கிறேன்.