அவங்க நம்பருக்கு வர்ற போன்கள்

மார்ச் 29, 2024
பெரிய வெள்ளி. எந்த ஆபீசும் கெடையாது. நேத்தே அம்மாவை எடுத்து எல்லாம் முடிஞ்சது நல்லதுன்னு பெரியம்மா சொல்றாங்க. நல்லதாம்.

மார்ச் 30
தூக்கம் வரல. எழுதறேன்.

ஆஸ்பத்திரி சீட்டுல அம்மா பேர் சரியாத்தான் இருந்துச்சு. பாலினம்னு இருக்குற எடத்துல 'ஆண்'. ஆதாரைக் காட்டினேன், அதுல திருநங்கைன்னு இருக்கு. "மொதல்ல பாடிய எடுத்துட்டுப் போங்க, அப்புறம் திருத்திக்கலாம்." வாங்கிக்கிட்டு வந்தோம். அந்த வெயில்ல எவ்ளோ நேரம் வாதாடறது.

ஊர்லேருந்து அவங்க அண்ணன் வந்தாரு. பையில புது வேட்டி, சட்டை. ஊர்ல கேப்பாங்கன்னாரு. "முப்பது வருஷமா கேக்காத ஊரு இன்னிக்கு என்னத்தக் கேக்கும்?"னு பெரியம்மா கத்தினாங்க. திருநங்கைங்க ஜமாத்துலேருந்து வந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. கைகலப்பு ஆகப்போகுதுன்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள அவரோட சம்சாரம் உள்ள போயி, பீரோவுல அம்மா எடுத்து வெச்சிருந்த அரக்குப் புடவையைக் கொண்டாந்து, யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம கொசுவம் வெக்க ஆரம்பிச்சாங்க. மடிப்பு ஒவ்வொண்ணையும் விரலால நீவி நீவி. பச்சைக் கரை ஒரே கோட்டுல வந்து நின்னுச்சு. வேட்டி பையிலயே இருந்துச்சு.

சுடுகாட்டுக்கு எல்லாருமே வந்தாங்க. பொம்பளைங்க வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல, சொல்ல தைரியம் இல்ல. வெட்டியான் "மகன் யாருப்பா? முன்னாடி வா"ன்னாரு. பின்னாடியிலேருந்து என்னைத் தள்ளி விட்டாங்க.

தலைய வழிச்சு முடிச்சதும் நாவிதர் சொன்னாரு: "மீசையும் எடுக்கணும் தம்பி."

நாலு வருஷ ஹார்மோன் ஊசியில வந்த மீசை. எடுங்கன்னேன்.

ஏப்ரல் 1
அம்மா போன் அடிச்சுது. திண்டிவனத்துப் பொண்ணு. "அம்மா, கூவாகம் திருவிழாவுக்கு விழுப்புரத்துல ரூம் போட்டாச்சா? இந்த வாட்டி எங்க கூட ரெண்டு பேரு ஜாஸ்தி." போடணும்னு சொல்லி வெச்சுட்டேன். என் குரலை அது கண்டுக்கவே இல்ல.

ஏப்ரல் 3
போஸ்டர் அடிக்கணும். 'தோற்றம்', 'மறைவு', ரெண்டு தேதி வேணுமாம். மறைவு 28.3.2024. தோற்றத்துக்கு எதைப் போடறது? ஆதார்ல இருக்குற தேதி பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டுக்கிட்டதுன்னு அம்மாவே சொல்லியிருக்காங்க. அவங்க கணக்கே வேற. கடப்பாவுல நிர்வாணம், அதான் பொண்ணா மாறுற ஆபரேஷன், பண்ணிக்கிட்டது 1991 தை மாசம், வெள்ளிக்கிழமை. "அன்னிக்குத்தான்டா நான் பொறந்தேன்"னு வருஷா வருஷம் அந்தத் தையில கேசரி கிண்டுவாங்க. முந்திரி எண்ணிப் போடுவாங்க. கஞ்சம்.

அச்சகத்துப் பையன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான்.

ஏப்ரல் 4
1991ன்னே போடச் சொல்லிட்டாங்க பெரியம்மா.

ஏப்ரல் 5
மீசை அரும்பக்கூட இல்ல. கண்ணாடியத் துணி போட்டு மூடிட்டேன். பஸ்ல கண்டக்டர் ஒரு செகண்ட் தயங்கி "எங்க போணும்மா"ன்னாரு.

ஏப்ரல் 7
போஸ்டர் தெரு முனையில ஒட்டியாச்சு. டீக்கடைக்காரர் ரொம்ப நேரம் பாத்துட்டுக் கேட்டாரு: "முப்பத்திமூணு வயசுலயா இப்பிடி நரைச்சுது?" சிரிப்பு வந்துருச்சு. அவரும் சிரிச்சுட்டு டீக்குக் காசு வாங்கல.

சாயந்தரம் அவங்க எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், 2008ல திருநங்கையர் நலவாரியம் வந்தப்ப வாங்கின அடையாள அட்டை, ஓரம் எல்லாம் நைஞ்சு போயி. அடியில ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டா பஸ் டிக்கெட்டு. 2021ல பெண்களுக்கு இலவசம்னு வந்துச்சே, கொஞ்ச நாள்ல நமக்கும் உண்டுன்னு ஆச்சு, அந்த டிக்கெட்டு. 'திருநங்கையர்'னு அச்சடிச்சது. கண்டக்டர் "சும்மா ஏறிக்கம்மா"ன்னாலும் விட மாட்டாங்க, கிழிச்சுக் குடுன்னு நிப்பாங்க. பின்னாடி ஏற நிக்கறவன் திட்டுவான். எனக்கு அவமானமா இருக்கும், தெரியாதவன் மாதிரி ஜன்னல் பக்கம் போயிருவேன். இவ்ளோத்தையும் எடுத்து வெச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும். ஒண்ணு ரெண்டுல சுண்ணாம்புக் கறை.

போன் மூணு தடவை. எல்லாம் கூவாகம் விசாரிப்பு. எடுக்கல.

ஏப்ரல் 9
தெலுங்கு வருஷப் பிறப்புன்னு இன்னிக்கும் லீவு. இறப்பைப் பதிய 21 நாள் கெடு. ஆஸ்பத்திரி திருத்தி அனுப்பணும், அப்பதான் கார்ப்பரேஷன்ல சரியா ஏறும். நேத்து போனேன், "அந்த மேடம் எலெக்ஷன் டூட்டி ட்ரெய்னிங்"காம்.

திங்கக்கிழமைன்னா அம்மா கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போயிருவாங்க. அவங்களுக்குன்னு போனதே இல்ல. எவளுக்காவது ரேஷன் கார்டு, எவளுக்காவது பட்டா, எவளுக்காவது பேர் மாத்தம். நாலாங் கிளாஸ்தான் படிப்பு, ஆனா 'மேற்படி', 'கனம் பொருந்திய' எல்லாம் தண்ணியா வரும். பொண்ணாப் பொறந்து ஆணான நான் பாலின சர்டிபிகேட்டுக்குப் போனப்ப கவுண்டர்ல இருந்தவர் "திருநம்பிக்கெல்லாம் இது உண்டா?"ன்னு இழுத்தாரு. "சட்டம் 2019லயே வந்துருச்சு சார், நீங்க படிச்சிட்டு வாங்க, நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்"னு தரையில உக்காந்துட்டாங்க. வெத்தலை மடிச்சாங்க. அன்னிக்கே மனு வாங்கினாரு.

இப்ப அவங்க சீட்டுக்கு அலையறது நான். தரையில உக்கார எனக்கு வரல. நின்னுக்கிட்டே இருக்கேன்.

ஏப்ரல் 11
ரம்ஜான். கீழ் வீட்டு பாய் பிரியாணி குடுத்து அனுப்பினாரு, அம்மா பங்குன்னு தனியா ஒரு டப்பா. பெரியம்மா அதைப் படத்துக்கு முன்னாடி வெச்சாங்க. திருநங்கைங்க கும்பிடற, சேவல் மேல உக்காந்திருக்க மாதாவுக்குப் பக்கத்துல பாய் வீட்டுப் பிரியாணி. அம்மா இருந்தா லெக் பீஸ் யாருக்குன்னு சண்டை வந்திருக்கும்.

ஏப்ரல் 12
பதினாறாம் நாள். எல்லாரும் தெய்வம் தெய்வம்னு பேசிட்டுப் போனாங்க. எனக்கு எரிச்சலா இருந்துச்சு. தெய்வம் ரம்மியில கள்ளாட்டம் ஆடுமா? ஜோக்கரைத் தொடைக்கு அடியில சொருகி வெக்குமா?

வாசல்ல ஒருத்தி நின்னுக்கிட்டே இருந்தா. அவளை எனக்குப் போட்டோவுலதான் தெரியும். கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவ, அம்மா கடைசி வரைக்கும் படியேற விடல. 2019ல மதுரை கோர்ட்டு ஒரு ஆணும் திருநங்கையும் பண்ணிக்கிட்ட கல்யாணத்தைப் பதியச் சொல்லித் தீர்ப்பு குடுத்தப்ப, அந்தப் பேப்பரை மடிச்சு அவளுக்கு அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். ஆனா வீட்டுக்குக் கூப்பிடல. அது என்ன மாதிரி மனசுன்னு எனக்குப் புரியவே இல்ல. பெரியம்மா போயி கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தாங்க. "பாம்படுத்தி"ன்னு, பெரியவங்க கால்ல விழறப்ப சொல்றத சொல்லி, படத்துக்கு முன்னாடி விழுந்தா. பதிலுக்கு ஜியோன்னு வாழ்த்த ஆளில்ல. அதுக்கு அப்புறம்தான் வீடே அழுதுச்சு.

ஏப்ரல் 13
ஒண்ணும் எழுத இல்ல.

ஏப்ரல் 15
நலவாரியம் 2008ல வந்த நாளு. 2011லேருந்து திருநங்கையர் தினம். 2014ல சுப்ரீம் கோர்ட்டு மூணாம் பாலினத்தை ஏத்துக்கிட்டதும் இதே தேதிதான். அன்னிக்கு அம்மா கடை கடையா காசு கேக்கப் போயிருந்தாங்க. மளிகைக்கடை டிவியில நியூஸ் ஓடிச்சாம். கடைக்காரர் எப்பவும் குடுக்குற பத்துக்குப் பதிலா இருபது குடுத்தாராம். "கோர்ட்டால எனக்குக் கெடச்சது பத்து ரூவா"ம்பாங்க, யார் பேட்டி எடுக்க வந்தாலும். பேட்டி எடுத்தவங்க யாரும் அதை எழுதல.

ஏப்ரல் 16
சீட்டு திருத்தியாச்சு. அந்த மேடம் நல்லவங்க. ரெண்டு நிமிஷ வேலை.

ஏப்ரல் 19
ஓட்டு. பூத் ஸ்லிப் அம்மாவுக்கும் வந்திருந்துச்சு, போன வாரமே. பட்டியல்ல அவங்க பேருக்கு நேரா மூன்றாம் பாலினம். 2009க்கு முன்னாடி ஆண்னு இருந்தப்ப ஏஜெண்ட்டுங்க ஆளையும் பட்டியலையும் மாத்தி மாத்திப் பாத்து சிரிப்பானுங்களாம். "சிரிக்கட்டும், மை வெச்சாதான் எழுந்திரிப்பேன்."

என் ஓட்டை மட்டும் போட்டுட்டு வந்தேன். வெயில் கொளுத்துது.

ஏப்ரல் 20
மேல் உதடு சொரசொரன்னு இருக்கு!

ஏப்ரல் 21
திண்டிவனத்துப் பொண்ணு மறுபடியும். சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கெட்ட வார்த்தையில திட்டினா, ஏன்டா சொல்லலன்னு, மண்ணள்ளிப் போடக்கூட வரலையேன்னு. திட்டி முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, "சரி, அப்ப ரூமு?"

கூவாகத்துல அம்மா அழுவறது பிரசித்தம். அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் அழுகளத்துல அறுத்துட்டு, பத்து ஊருக்குக் கேக்குற மாதிரி ஒப்பாரி. ஒரு தடவை கேட்டேன், அரவானுக்காகவா இவ்ளோ அழுவறீங்கன்னு. "போடா லூசு. எங்கம்மா செத்ததுக்கு என்னை உள்ள விடல. அத வேற எங்க போயி அழ?"

ஏப்ரல் 22
நாளைக்குத் தாலி கட்டு. வேன் காலையில அஞ்சு மணிக்கு. வாசல்ல நின்னவளும் வர்றா, புருஷனோட. விழுப்புரத்துல அம்மா வழக்கமாப் போடற லாட்ஜ்ல ஒரு ரூம்தான் மிச்சம், அவங்க பேரைச் சொன்னதும் மொட்டை மாடியையும் சேத்துத் தர்றேன்னாரு. எல்லாரோட ஆதார் நகலும் வேணுமாம். பெரியம்மாவோடதைக் காணோம், டப்பாவுல தேடணும். அனுப்பிட்டு வந்து மிச்சத்தை எழுதறேன்