கடைசி கால் மாத்திரை

14 வருஷமா ஆஸ்பத்திரி பார்மசி கவுன்டர்ல நிக்கிறேன், அதுல கடைசி 9 வருஷம் மனநலப் பிரிவு ஓபிக்கு பக்கத்துல இருக்குற கவுன்டர். இங்க மாத்திப் போட்ட புதுசுல எனக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு, வருஷக்கணக்கா தூக்க மாத்திரை போடுறவங்கன்னா ஒண்ணு மனசுல திடமில்லாதவங்க, இல்லன்னா சுகத்துக்கு பழகிக்கிட்டவங்கன்னு. வாய்விட்டு யார்கிட்டயும் சொன்னதில்ல, ஆனா ஸ்ட்ரிப்ப எண்ணிக் கொடுக்குறப்ப மூஞ்சில தெரிஞ்சிருக்கும்னுதான் இப்ப தோணுது.

அப்ப ஒரு அம்மா வருவாங்க, அறுபது தாண்டினவங்க. பதட்டத்துக்குக் கொடுக்குற அல்பிரசோலம் 0.5 எம்ஜி, காலைல ஒண்ணு மதியம் ஒண்ணு ராத்திரி ஒண்ணு, எட்டு வருஷமா. வீட்டுக்காரர் போனப்ப ஆரம்பிச்சது. ஒருநாள் கூட்டம் இல்ல, மாத்திரைய கவர்ல போட்டுக்கிட்டே "என்னம்மா இத்தனை வருஷமாவா சாப்பிடுவீங்க, உடம்புக்கு ஆகாதும்மா, நிறுத்தப் பாருங்க"ன்னு சொன்னேன். அவ்ளோதான். எப்படி நிறுத்தணும்னு சொல்லல, டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்லல, நல்லது சொன்ன திருப்தியோட அடுத்த சீட்டுக்கு போயிட்டேன். அவங்க மறுநாளே மூணையும் நிறுத்திட்டாங்க. மொத ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, ரெண்டாம் நாள் கை நடுக்கம், வேர்வை, பாத்திரம் வைக்கிற சத்தம் கூட மண்டைக்குள்ள அடிக்கிற மாதிரி இருந்துச்சாம், மூணாம் நாள் காலைல வலிப்பு வந்து கேஷுவாலிட்டிக்கு தூக்கிட்டு வந்தாங்க. சாயங்காலம் அவங்க பையன் மருந்து வாங்க வந்தப்ப "அம்மாவ நிறுத்தச் சொன்னது யாருங்க"ன்னு கேட்டாரு, கோவமா கூட கேக்கல. நான்தான்னு சொன்னேன். சொல்லிட்டு அவர் கொடுத்த சீட்ட ரெண்டு தடவ தப்பா படிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி, காலேஜ்ல பரீட்சைக்காக முழுங்கினத மறுபடி உக்காந்து படிச்சேன். மூளைய அமைதிப்படுத்துற காபான்னு ஒரு கெமிக்கல் இருக்குல்ல, இந்த மாத்திரைங்க எல்லாம் அதோட வேலைய கூட்டிவிடுது. வருஷக்கணக்கா கூட்டிவிட்டா மூளை சும்மா இருக்காது, எதிர்பக்கம் முட்டுக் கொடுக்க பழகிடும். கதவ வெளிய இருந்து ஒருத்தர் தள்ளிக்கிட்டே இருந்தா உள்ள இருக்குறவர் தோள வச்சு முட்டிக்கிட்டு நிப்பாரு பாருங்க, வெளிய இருக்குறவர் திடீர்னு விலகுனா இவர் குப்புற வந்து விழுவாரு, அந்த விழுறதுதான் வித்ட்ராயல், அதாவது மருந்த விட்டதும் உடம்பு படுற பாடு. இதுல அந்த அம்மா ஒரு மாத்திரை கூட எக்ஸ்ட்ரா போட்டதில்ல. சீட்டுல இருக்குறபடியே போட்டாலும் உடம்பு பழகிடும், அதுக்கும் போதைக்கு அடிமை ஆகுறதுக்கும் ரொம்ப தூரம், இது தெரியாம நாங்களே ஸ்டாஃப் ரூம்ல "அடிக்ட்"னு சர்வ சாதாரணமா பேசிக்குவோம்.

பென்சோடயஸிபைன்னு சொல்ற இந்த வகைல மொத மருந்து லிப்ரியம் 1960ல வந்துச்சு, வேலியம் 1963ல. அதுக்கு முன்னாடி இருந்த பார்பிட்யூரேட்ங்குற பழைய தூக்க மருந்துங்கள விட பாதுகாப்புன்னு கொண்டாடினாங்க, அது உண்மையும் கூட. ஆனா நிறுத்த முடியாம தவிக்கிறவங்களுக்குன்னே ஹெதர் ஆஷ்டன்னு ஒரு டாக்டர் இங்கிலாந்துல நியூகாசில்ல 1982ல இருந்து 1994 வரைக்கும் தனி கிளினிக் நடத்த வேண்டியிருந்துச்சு. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, பழகிடும், திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு இந்த மருந்துங்க எல்லாத்துக்கும் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது 2020லதான். வேலியம் வந்து 57 வருஷம் கழிச்சு. நான் மட்டும்தான் லேட்டுன்னு இல்ல போல.

சைடு எஃபெக்ட் விஷயத்துல என்ன சிக்கல்னா, அது வர்றதே தெரியாது. மறதி வரும், வயசாச்சுல்லன்னு விட்டுருவாங்க. ராத்திரி பாத்ரூம் போறப்ப தடுமாறி விழுவாங்க, தரை வழுக்கிடுச்சும்பாங்க. 65க்கு மேல உள்ளவங்களுக்கு இத முடிஞ்சவரைக்கும் எழுதாதீங்கன்னு சொல்றதுக்கு இந்த விழுறதும் இடுப்பெலும்பு முறியறதும் முக்கியக் காரணம். இன்னொண்ணு, அல்பிரசோலம் பாதி ரத்தத்துல இருந்து போக சுமார் 11 மணி நேரம்தான், அதனால அடுத்த டோஸுக்கு முன்னாடியே சில பேருக்கு படபடப்பு வந்துடும், வியாதி கூடிடுச்சுன்னு நெனச்சு டோஸ ஏத்திக்கிட்டு வருவாங்க, உண்மைல அது ரெண்டு மாத்திரைக்கு நடுவுல வர்ற குட்டி வித்ட்ராயல். இப்ப எல்லாம் நான் ஸ்ட்ரிப்ப எடுக்குறதுக்கு முன்னாடி வேற என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டுடுவேன். டிரமடால் மாதிரி வலி மாத்திரையோ குடியோ சேர்ந்தா மூச்சே அடங்கிடலாம், கிளாரித்ரோமைசின்ங்குற ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் கோர்ஸ் எழுதியிருந்தா அல்பிரசோலம் உடம்புல தேங்கிடும். இத கேக்க அரை நிமிஷம் ஆகும். லைன்ல பின்னாடி நிக்கிறவர் முறைப்பாரு, முறைக்கட்டும்.

எனக்கு இந்த வேலைய உண்மையா கத்துக் கொடுத்தது ஒரு ரிட்டயர்ட் அக்கவுன்டன்ட். அதே வகை மருந்தான குளோனசெபாம் 1 எம்ஜி, 11 வருஷம். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்னு சொல்லி, நாலு வாரத்துக்கு ஒருதடவ 0.125, அதாவது 0.25 மாத்திரைல பாதி. மாத்திரை வெட்டுற பிளேடு டப்பா வச்சு எப்படி வெட்டணும்னு நான்தான் காட்டினேன், அது பொடிப்பொடியா போகும், வெள்ளப் பேப்பர் மேல வச்சு வெட்டுனா பொடி வீணாகாது. அவர் ஒரு நோட்டு போட்டாரு. தேதி, டோஸ், எத்தன மணி நேரம் தூங்கினாரு, அப்புறம் ஒவ்வொரு நாள் வரியிலயும் கடைசி கட்டத்துல ஒரு கையெழுத்து. இது எதுக்கு சார்னு கேட்டேன். "நடுக்கம் இருக்கா இல்லையான்னு என்ன கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது தம்பி, இது சொல்லும்"னாரு. பாத்தா உண்மைதான், டோஸ் குறைச்ச மூணாம் நாள் நாலாம் நாள் வரிசைல கோடெல்லாம் பல்லு பல்லா இருக்கு, பத்து நாள் போனா மறுபடி வழவழன்னு வருது.

ஆறு மாசத்துல 0.25 வந்துட்டாரு. அடுத்த 0.125 குறைச்சதும் ஆள் உடஞ்சு போயிட்டாரு, ராத்திரி பூரா முழிப்பு, தொடை துடிக்குது, காதுல ஙொய்ங்னு சத்தம், பேரப்புள்ள சிரிச்சா கூட எரிச்சல். கவுன்டர்ல நோட்ட விரிச்சு வச்சு "ஒரே அளவுதான் தம்பி குறைக்கிறோம், இப்ப மட்டும் ஏன் தாங்கல"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் வர்றதுக்குள்ள அவரே பென்சிலால ஓரத்துல கணக்கு போட்டாரு. 1ல 0.125 போனா 12.5 சதவீதம். 0.25ல அதே 0.125 போனா 50 சதவீதம். போட்டுட்டு என்ன பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. இத்தன நாளா அந்த பிளேடு டப்பாவ கைல வச்சிருந்தவன் நான்.

டாக்டர் அவர திரும்ப 0.25க்கே கொண்டு போனாரு, ஆறு வாரம் அங்கயே நிக்க வச்சாரு. தோத்துட்டோம்னு நெனச்சு அந்த ஆறு வாரமும் அவர் கையெழுத்தே போடல. அப்புறம் மருந்து கலந்து தயாரிக்கிற எங்க காம்பவுண்டிங் செக்ஷன்ல 1 எம்எல்லுக்கு 0.1 எம்ஜி வர்ற மாதிரி சிரப் பண்ணிக் கொடுத்தோம், ஊசி இல்லாத சிரிஞ்சால அளந்து துளித்துளியா குறைச்சாரு. 0.25ல இருந்து பூஜ்யத்துக்கு எட்டு மாசம். 2025ல அமெரிக்க டாக்டர் சங்கங்க சேர்ந்து போட்ட வழிகாட்டில 2லருந்து 4 வாரத்துக்கு ஒருதடவ, அப்ப சாப்பிடுற டோஸ்ல 5லருந்து 10 சதவீதம் குறைங்க, ரெண்டு வாரத்துல 25 சதவீதத்த தாண்டாதீங்கன்னு இருக்கு. படிச்சப்ப அந்த பென்சில் கணக்குதான் ஞாபகம் வந்துச்சு.

கவுன்டர்ல இருந்து நாம சொல்ற வார்த்தைக்கு பவர் இல்லன்னு இல்ல. 2014ல வெளியான ஒரு ஆய்வுக்காக கனடாவுல கியூபெக்ல பார்மசிங்க மூலமா வயசானவங்களுக்கு இந்த மாத்திரை பத்தி ஒரு சின்ன புத்தகம் கொடுத்து பாத்தாங்க, ஆறு மாசத்துல 27 சதவீதம் பேர் நிறுத்தியிருந்தாங்க, கொடுக்காதவங்கள்ல 5 சதவீதம்தான். ஆனா அந்த புத்தகத்துல படிப்படியா எப்படி குறைக்கிறதுன்னு அட்டவணை இருந்துச்சு, டாக்டர்கிட்டயோ பார்மசிஸ்ட்கிட்டயோ பேசிட்டு செய்ங்கன்னும் இருந்துச்சு. நான் அந்த அம்மாக்கு கொடுத்தது ஒரே ஒரு வரி.

அவங்க நல்லா இருக்காங்க. திரும்ப ஆரம்பிச்சு, ஒன்றரை வருஷத்துல டாக்டர் மெதுவா இறக்கி விட்டாரு. இப்ப பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் என் கவுன்டருக்கேதான் வர்றாங்க. ஒவ்வொரு தடவையும் கவர வாங்கி பைல போட்டுக்கிட்டு கேப்பாங்க, "ஏன் தம்பி, இத நிறுத்திடலாமா?" பக்கத்து கவுன்டர் பொண்ணு இதுக்குன்னே காத்துட்டு இருக்கும் சிரிக்க.