ஏழரை ஹெச்பி வாங்குவதற்கு முன்னால் பைப்பைப் பாருங்கள்

வாய்க்காலில் தண்ணீர் விழுவது குறைந்தால் எங்கள் பக்கம் முதலில் வரும் யோசனை, "அஞ்சு ஹெச்பி பத்தாதுங்க, ஏழரை போட்டுடலாம்" என்பதுதான். கேட்கும்போதே எனக்கு ஆற்றாமையாக வரும். பல தோட்டங்களில் கோளாறு மோட்டாரில் இருப்பதில்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1000 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் தூக்க 9,800 ஜூல் போதும், ஒரு யூனிட் கரண்டில் 36 லட்சம் ஜூல் இருக்கிறது, அப்படியென்றால் 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு யூனிட்டுக்கு 12,000 லிட்டர் மேலே வர வேண்டும். எங்கேயும் வராது. மோட்டாரின் கம்பிச்சுருள் சூடாவதில் கொஞ்சம், பேரிங்கில் கொஞ்சம், பம்புக்குள் இருக்கிற இம்பெல்லர் சக்கரம் தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இடத்தில் நிறைய என்று போய், பாதி தேறினாலே அது நல்ல செட்டு. இந்த நஷ்டமெல்லாம் தெரிந்ததுதான், மோட்டார் மேல் கை வைத்தால் சுடுகிறதே.

பைப்பில் போவதுதான் யாருக்கும் தெரிவதில்லை. 100 மீட்டர் நீளத்துக்கு இரண்டு அங்குல பைப்பில் நொடிக்கு 5 லிட்டர் ஓடினால், பைப் சுவரோடு உராய்வதற்கே ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்துக்கான சக்தி செலவாகிறது, அதாவது கிணறு இன்னும் 40 அடி ஆழமாகிவிட்டதற்குச் சமம். அந்தச் சக்தியும் வெப்பமாகத்தான் மாறுகிறது, ஆனால் தண்ணீர் சூடாவது ஒரு டிகிரியில் நூற்றில் மூன்று பங்குதான், எந்தக் கைக்கு அது தெரியும்?

இதில் விட்டத்தின் வேலை பயங்கரமானது. அதே அளவு தண்ணீர் ஓடும்போது உராய்வு நஷ்டம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். இரண்டு அங்குலத்தை இரண்டரையாக்கினால் அந்த 12 மீட்டர் 4 ஆகிவிடும். சித்தப்பா தோட்டத்தில் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஒன்றை அறுத்தபோது உள்ளே சுற்றிலும் வெள்ளையாக உப்பு, நடுநடுவே துருக் கட்டி, கால் அங்குல கனத்துக்கு ஏறியிருந்தது. இரண்டு அங்குல பைப் என்று நினைத்தது உண்மையில் ஒன்றரைதான், சொரசொரப்பைக் கணக்கில் எடுக்காமலேயே நஷ்டம் நான்கு மடங்கு. பழைய குழாயில் சுவரின் சொரசொரப்பும் ஓட்டத்தைக் குறைக்கும் என்று பிரான்ஸில் ஹென்றி டார்சி சோதித்துப் பார்த்து 1857-லேயே எழுதிவிட்டார்.

தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு 1990 முதல் இலவச மின்சாரம் என்பதால் இந்த நஷ்டம் பில்லில் தெரியாது. விவசாயிக்கு அது வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மும்முனை கரண்ட் இருக்கிற நேரம் அளவானது, அந்த நேரத்துக்குள் கடைசி வரப்பு வரை பாய வேண்டும், பைப்பில் தொலைவது அந்த நேரம்தான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மோட்டார் கடைக்குப் போகுமுன் டெலிவரி பைப்பில் ஒரு ஜாயிண்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், அப்புறம் கிணற்றுக்குள் பைப்பின் அடிநுனியில் இருக்கிற ஃபுட் வால்வைத் தூக்கிச் சல்லடையில் பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பைப் சட்டென்று திரும்புகிற எல்போ இருக்கிற இடங்களில் வளைவு பெரிதான பெண்டு பைப் போட முடியுமா என்று கேளுங்கள்.